காருக்கு டிஜிட்டல் ரேடியோ வாங்கலாமா? சிங்கப்பூரில் வண்டி ஓட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரே வரியில் சொல்லுங்கள்: வாங்கலாமா, வேண்டாமா?

சிங்கப்பூருக்குள் ஓட்டும் வண்டி என்றால் வேண்டாம். டிஏபி, டிஏபி பிளஸ் என்று பெட்டியில் போட்டு விற்கப்படும் டிஜிட்டல் ரேடியோவுக்கு இங்கே ஒலிபரப்பே கிடையாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தேடு பொத்தானை அழுத்தினால் "நிலையம் எதுவும் இல்லை" என்றுதான் காட்டும். அந்தப் பணத்தை எதில் போட்டால் காரில் ரேடியோ நன்றாகக் கேட்கும் என்பதே பேச வேண்டிய விஷயம். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

சிங்கப்பூரில் முன்பு டிஜிட்டல் வானொலி இருந்ததாக நினைவு. அது என்ன ஆனது?

நினைவு சரிதான். சிங்கப்பூரின் ஒலிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப் 1999 நவம்பர் 19ஆம் தேதி 'ஸ்மார்ட்ரேடியோ' என்ற பெயரில் டிஏபி ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆசியாவில் இதில் முந்திக்கொண்ட நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. 2011 டிசம்பர் 1ஆம் தேதியோடு அந்தச் சேவை நின்றுவிட்டது.

ஏன் எடுபடவில்லை என்பது ஊரின் அளவைப் பார்த்தாலே புரியும். கிழக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இந்தத் தீவில் எஃப்எம் எட்டாத இடம் அபூர்வம். மலைகளும் நீண்ட பள்ளத்தாக்குகளும் உள்ள நார்வேயில் ஒவ்வொரு நிலையத்துக்கும் நாடு முழுக்க எஃப்எம் கோபுரங்களைப் பராமரிப்பது பெருஞ்செலவு. அதனால் 2017இல் தேசிய நிலையங்களை எஃப்எம்மிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அப்படி ஒரு நெருக்கடி இங்கே யாருக்கும் இல்லை. போதாததற்கு, ஸ்மார்ட்ரேடியோ தொடங்கிய காலத்து டிஏபி பழைய வகை. 2007இல் அதன் புதிய வகையான டிஏபி பிளஸ் வந்தபோது பழைய கருவிகளால் அந்த ஒலிபரப்பைப் பெற முடியவில்லை. சேவையைப் புதுப்பித்திருந்தால் முன்பு காசு கொடுத்து வாங்கியவர்களின் பெட்டிகள் பயனற்றுப் போயிருக்கும்.

அந்தக் காலத்துக் கருவிகள் இன்னமும் பழைய பொருள் விற்கும் செயலிகளில் தலைகாட்டுகின்றன. பொம்மையாக வைத்துக்கொள்ளலாம், கேட்பதற்கு எடுக்காதீர்கள்.

டிவி முழுக்க டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. ரேடியோவும் அப்படி மாறாதா?

டிவியில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டதால் இந்தக் கேள்வி வருகிறது. இரண்டும் வெவ்வேறு சங்கதி. டிவி அலைவரிசைகள் நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் காலி செய்தால் கைப்பேசிச் சேவைக்கு இடம் கிடைத்தது. எஃப்எம் பயன்படுத்துவது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னத் துண்டு. அதைப் பிடுங்கி யாருக்கும் பெரிய லாபம் இல்லை. என்றைக்கோ வரலாம் என்பதற்காக இன்றைக்கு டிஏபி கருவி வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை. அப்படி வந்தாலும் அன்றைக்கு வாங்கினால் போதும்.

கடைக்காரர் "இது டிஜிட்டல் ரேடியோதான்" என்கிறாரே?

அவர் சொல்வது பெரும்பாலும் டிஜிட்டல் திரையை. அலைவரிசை எண்ணாகத் தெரியும், பொத்தானால் தேடலாம், அவ்வளவுதான். உள்ளே இருப்பது எஃப்எம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பெயர்தான் குழப்புகிறது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்:

டிஏபி, டிஏபி பிளஸ் — ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பயன்படும். எச்டி ரேடியோ — அமெரிக்க வகை. டிஆர்எம் — இந்தியாவில் ஆகாசவாணி மத்திய அலையில் பயன்படுத்துகிறது. அங்கே விற்கும் பல கார்களில் இருக்கும். இந்த மூன்றில் எதற்கும் சிங்கப்பூரில் நிலையம் இல்லை. இவற்றுக்கென்று கூடுதலாக ஒரு வெள்ளி கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

கண்ணாடியில் ஒட்டும் ஏரியலோடு, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 'டிஏபி அடாப்டர்' வெளிநாட்டு இணையக் கடைகளில் கவர்ச்சியாகத் தெரியும். அதுவும் இதே கதைதான். விலையோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் கட்டி, ஒன்றும் கேட்காத பெட்டியை வரவழைப்பதில் முடியும்.

என் ஐரோப்பிய காரில் டிஏபி என்று மெனுவிலேயே இருக்கிறது. ஒரு நிலையமும் வரவில்லை. பழுதா?

பழுது இல்லை. 2020 டிசம்பர் 21 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கார்களில் ரேடியோ இருந்தால், அது டிஜிட்டல் ஒலிபரப்பையும் பெறக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதே பாகம் இங்கே வரும் காரிலும் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஒர்க்‌ஷாப்பில் காட்டி "டிஏபி ஏரியல் மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்னத் தொந்தரவு வரலாம். யாராவது தெரியாமல் டிஏபி பக்கம் மாற்றிவிட்டால், அடுத்த முறை இன்ஜினைக் கிளப்பும்போது ரேடியோ அங்கேயே நின்று ஊமையாக இருக்கும். எஃப்எம்முக்கு மாற்றி, பிடித்த நிலையங்களை முதல் பக்கத்தில் சேமித்துவிடுங்கள். அமைப்புகளில் டிஏபி, எஃப்எம் இரண்டையும் இணைத்துத் தேடும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடலாம்.

ஜொகூருக்கு அடிக்கடி போகிறோம். அங்கே பயன்படாதா?

ஜொகூர் பாருவில் நீங்கள் கேட்கப்போகும் நிலையங்கள் எல்லாம் எஃப்எம்தான். மின்னல், ராகா ஆகிய மலேசியத் தமிழ் நிலையங்கள் உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் சிங்கப்பூரிலேயே கேட்கும். எதிர்த்திசையில், பாலம் தாண்டிய பிறகும் சிங்கப்பூரின் தமிழ் நிலையமான ஒலி 96.8 கொஞ்ச தூரம் கூடவே வரும். நெடுஞ்சாலையில் வடக்கே போகப்போக ஒரே மலேசிய நிலையம் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு அலைவரிசைக்கு மாறும். அதற்குத் தேவை ஆர்டிஎஸ் வசதியுள்ள எஃப்எம் ரேடியோ; நிலையம் அந்தத் தகவலை அனுப்பினால் ரேடியோ தானாக மாறிக்கொள்ளும். இந்த வசதி இன்றைய கருவிகளில் பெரும்பாலும் இருக்கும். அமைப்புகளில் 'ஏஎஃப்' என்பதை முடுக்கிவிட வேண்டும். சிங்கப்பூருக்குள் மட்டும் ஓட்டும்போது அதை அணைத்து வைப்பது நல்லது. இல்லாவிட்டால் எல்லையோரம் ரேடியோ தானாக அலைவரிசை மாறிப் பாட்டை வெட்டும்.

சரி, தெளிவான ஒலி வேண்டும் என்றால் என்ன வழி?

கைப்பேசிச் செயலி. மீடியாகார்ப்பின் 'மீலிசன்' செயலியில் ஒலி 96.8 நேரலையாகக் கேட்கும். மற்றொரு நிறுவனமான எஸ்பிஎச்சின் நிலையங்களையும் செயலிவழி கேட்கலாம். கைப்பேசியை புளூடூத், கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இவற்றில் ஒன்றின்வழி காருடன் இணைத்தால் இரைச்சல் இல்லாமல் வரும். டிஏபி தருவதாகச் சொல்வதும் இந்த வசதியைத்தான். இங்கே அது இணையத்தின்வழி வருகிறது.

டேட்டா எவ்வளவு போகும் என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்கு எளிது. வினாடிக்கு 64 கிலோபிட் ஓடினால் மணிக்கு 28.8 மெகாபைட், 128 கிலோபிட் என்றால் 57.6. தினமும் 2 மணி நேரம், மாதம் 26 நாள் கேட்டால் முதல் கணக்கில் ஏறக்குறைய 1.5 கிகாபைட், இரண்டாவதில் 3 கிகாபைட். இங்கே விற்கும் திட்டங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஜொகூரில் ரோமிங் டேட்டா குறைவாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். அங்கே எஃப்எம்முக்கு மாறிவிடுங்கள்.

செயலியில் இரண்டு குறைகள். நேரலை என்றாலும் எஃப்எம்மை விடப் பல வினாடிகள் பிந்தி வரும். மணிச் செய்திக்குக் கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பவர்களுக்கும், நிகழ்ச்சிக்கு முதல் ஆளாக அழைக்க நினைப்பவர்களுக்கும் எஃப்எம்தான் சரி. மற்றொன்று, சில கைப்பேசிகள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக நின்றுபோனால் நெட்வொர்க்கைத் திட்டாமல், பேட்டரி அமைப்புகளில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு நீக்கிப் பாருங்கள்.

சிம் கார்டு போடும் ஆண்ட்ராய்டு பிளேயர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

எந்த வகை சிம் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் 3ஜி சேவை 2024இல் முடிந்துவிட்டது. 2ஜி அதற்கு முன்பே, 2017இல் போனது. பழைய இருப்பில் உள்ள 3ஜி மட்டுமே கொண்ட பிளேயர்களில் சிம் போட்டால் ஒன்றும் நடக்காது. 4ஜி என்று எழுதியிருந்தாலும் உங்கள் நிறுவனத்தின் சிம்மைக் கடையிலேயே போட்டு, ஒரு நிலையத்தை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டாலே வேலை முடியும் என்பதால், தனி சிம்முக்கு மாதாமாதம் பணம் கட்டுவது பெரும்பாலோருக்கு அவசியமில்லை.

சுரங்கச் சாலையில் எது நிற்காமல் வரும்?

இரண்டும் வரும். கேபிஇ, எம்சிஇ போன்ற சுரங்கச் சாலைகளில் எஃப்எம் மறுஒலிபரப்பும் உண்டு, கைப்பேசிச் சேவையும் உண்டு. சுரங்கத்தில் தீயோ விபத்தோ நேர்ந்தால் அறிவிப்பு எஃப்எம்மில் குறுக்கிட்டு வரும். ஆகவே முன்னால் வண்டிகள் காரணம் தெரியாமல் நின்றால் செயலியை விட்டு எஃப்எம்முக்கு மாறுங்கள். எஃப்எம்மே இல்லாத கருவியை வாங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடித்தளக் கார்ப்பேட்டையில் நிலைமை வேறு. அங்கே எஃப்எம் கரகரக்கும். சில மாடி இறங்கினால் போய்விடும்.

ஜப்பானிலிருந்து இறக்குமதியான கார். 96.8 வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய கருவிகள் 90 வரை, புதியவை 95 வரை மட்டுமே போகும். ஒலி 96.8 இரண்டுக்கும் வெளியே. 89.7 ரியா வரும், 93.8 ஒருவேளை வரும், தமிழ் மட்டும் வராது. வாங்குவதற்கு முன் ஷோரூமிலேயே 96.8ஐ வைத்துக் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டால் "அது சின்ன விஷயம்" என்பார்கள்.

தீர்வு மூன்று. முதலில், சில மாடல்களில் மென்பொருள்வழி நாட்டை மாற்றலாம். அந்தக் கார் வகையை நன்கு தெரிந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, முழு பிளேயரையும் மாற்றுவது. திரை முழுக்க ஜப்பானிய எழுத்து, வரைபடமும் ஜப்பானுடையது, டிவி ட்யூனரும் இங்கே வேலை செய்யாது என்ற நிலையில் இதுவே உருப்படியான வழி.

மூன்றாவது, 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' எனப்படும் தீப்பெட்டி அளவுக் கருவி. ஏரியல் வயருக்கும் பிளேயருக்கும் நடுவில் செருகி, சிவப்பு வயரை சாவி திருப்பினால் மின்சாரம் வரும் இணைப்பிலும் கறுப்பை உலோகச் சட்டத்திலும் கொடுக்க வேண்டும். வரும் அலைவரிசைகளையெல்லாம் இது குறிப்பிட்ட அளவு கீழே இறக்கும். 12 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் வகை என்றால் 96.8ஐ 84.8இல் கேட்கலாம். அந்த இடத்தில் வேறு நிலையம் இல்லாததால் ஓரளவு சுத்தமாக வரும். ஆனால் 100.3 இறங்கி வந்து நிற்பது 88.3இல்; அங்கே அசல் 88.3 நிலையமும் கசிந்து வருவதால் இரண்டும் கலந்து கேட்கும். இறக்கும் அளவு கருவிக்குக் கருவி மாறும். வாங்கும் முன் நீங்கள் தினமும் கேட்கும் அலைவரிசையிலிருந்து அந்த எண்ணைக் கழித்து, விடை எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பிளேயரில் 96.7 வருகிறது, 96.9 வருகிறது, 96.8 மட்டும் இல்லை!

அமெரிக்காவில் நிலையங்கள் 0.2 இடைவெளியில், ஒற்றைப்படைத் தசமத்தில் மட்டுமே இருக்கும். கருவி அந்தப் படியில்தான் நகரும். அமைப்புகளில் 'ரீஜியன்' அல்லது 'ட்யூனர் ஸ்டெப்' என்பதை ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றினால் 0.1 அல்லது 0.05 படிக்கு வந்துவிடும். சில கருவிகளில் அணைத்த நிலையில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும், கையேட்டில் இருக்கும். மாற்றாமல் 96.7இலேயே கேட்டால் 'ச', 'ஷ' ஒலிகள் கிழியும், 96.3 நிலையமும் உள்ளே எட்டிப் பார்க்கும். ரீஜியன் மாற்றுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: அமெரிக்க அமைப்பில் உயர்ந்த ஒலிகள் கூடுதலாக அமுக்கப்படும். இங்குள்ள ஒலிபரப்பு அதில் மந்தமாகக் கேட்கும்.

டேஷ்கேம் போட்ட நாளிலிருந்து எஃப்எம்மில் இரைச்சல். ரேடியோவை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இதற்காகத்தான் அநேகம் பேர் "டிஜிட்டல் வாங்கினால் சரியாகிவிடுமா" என்று கேட்கிறார்கள். குற்றவாளி ரேடியோ அல்ல. டேஷ்கேம், யுஎஸ்பி சார்ஜர், வயர்லெஸ் கார்பிளே டாங்கிள், மாற்றுப் பல்புகளாகப் போட்ட எல்இடி ஹெட்லைட் ஆகிய எல்லாவற்றிலும் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகவோ வேறு அளவாகவோ மாற்றும் சின்ன மின்சுற்று இருக்கிறது. அது வினாடிக்கு லட்சக்கணக்கான முறை அணைந்து எரியும். மலிவான சார்ஜரில் அதன் கழிவு அலை எஃப்எம் வரை பரவும். அதிலிருந்து நீளும் வயரே ஏரியல்போல் அதைப் பரப்பும்.

கண்டுபிடிக்கும் முறை: திறந்தவெளிக் கார்ப்பேட்டையில் நிறுத்துங்கள். பலமான நிலையத்தை வைக்காதீர்கள். அதில் இரைச்சல் அமுங்கிவிடும். லேசாகக் கரகரக்கும் ஜொகூர் நிலையம் ஒன்றை வையுங்கள். இன்ஜினை அணைத்து, ரேடியோ மட்டும் ஓடட்டும். இப்போது செருகியிருப்பதையெல்லாம் பிடுங்குங்கள். அணைத்தால் போதாது, சார்ஜரைத் துளையிலிருந்தே எடுக்க வேண்டும். ஏனென்றால் கைப்பேசி இணைக்காத சார்ஜரும் இரையும். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் காது கொடுங்கள். எதைச் செருகும்போது ஒலி மணல் கொட்டுவதுபோல் மாறுகிறதோ அதுதான் ஆள்.

சார்ஜர் என்றால் நல்ல தரத்தில் வேறொன்று வாங்கினால் விஷயம் முடிந்தது. டேஷ்கேம் என்றால், அதன் வயரில் கேமராவுக்கு அருகே, பிளக்கை ஒட்டி இரண்டு இடத்திலும் கிளிப் வகை ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். வயரை வளையத்துக்குள் இரண்டு மூன்று சுற்று சுற்ற முடிந்தால் பலன் கூடும்.

அதற்கும் மசியவில்லையா? பின்பக்கக் கேமரா வயர் போகும் வழியைப் பாருங்கள். இன்றைய கார்கள் பலவற்றில் எஃப்எம் ஏரியல் கூரையில் சுறாத்துடுப்புப் போல நிற்கும் உறையில் இல்லை. பின்கண்ணாடியில் கோடுகளாக இருக்கிறது. அந்தக் கோடுகளின் சமிக்ஞையைப் பெருக்கும் சின்னப் பெட்டி பின்தூணின் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். கேமரா பொருத்தியவர் வசதிக்காக வயரை அதே உறைக்குள் பெருக்கியை உரசிக்கொண்டு விட்டிருந்தால், முன்பக்கம் எத்தனை வளையம் மாட்டியும் இரைச்சல் போகாது. வயரை எதிர்ப்பக்கத் தூண் வழியாக மாற்றச் சொல்லுங்கள். கேமராவும் கண்ணாடிக் கோடுகளிலிருந்து முடிந்தவரை விலகியே இருக்கட்டும்.

பின்கண்ணாடியின் பழைய ஃபிலிமை உரிக்கும்போது இந்தக் கோடுகள் அறுந்துபோவதும் உண்டு. ஃபிலிம் மாற்றிய மறுநாள் ரேடியோ மோசமானால் முதலில் அங்கே பாருங்கள். உலோகம் கலந்த ஃபிலிமும் சமிக்ஞையைக் குறைக்கும், ஜிபிஎஸ்ஸையும் விடாது.

புதிய பிளேயர் போட்ட பிறகு எஃப்எம் பழையதைவிடப் பலவீனமாக இருக்கிறது.

பத்தில் எட்டுக் காரில் காரணம் ஒரு நீல வயர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பெருக்கிப் பெட்டிக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். பழைய பிளேயர் அதை ஏரியல் வயர் வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. புதியது அனுப்பாது. ஆகவே மின்சாரம் ஊட்டும் வகை ஏரியல் அடாப்டரைப் போட்டு, அதிலிருந்து வரும் வயரை பிளேயரின் நீல வயரோடு சேர்க்க வேண்டும். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது வெளி ஆம்ப்ளிஃபயருக்கானது. எஃப்எம் வைத்திருக்கும்போது மட்டும் நீலத்தில் மின்சாரம் வரும் மாடல்களும் உள்ளன. சாதாரண அடாப்டரும் இந்த வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பக்கவாட்டில் ஒற்றை வயர் தொங்குகிறதா என்று பாருங்கள்.

ஐரோப்பிய கார்களில் சதுர மூக்குள்ள 'ஃபாக்ரா' பிளக் இருக்கும், சில கார்களில் இரட்டையாக. அதற்குரிய மாற்று இணைப்பு வேண்டும். பிளக்கின் ஓரத்தை அரத்தால் தேய்த்துத் திணிப்பதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

பிளேயர் மாற்றும்போது ஒர்க்‌ஷாப்பில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

அளவு முதலில். ஒற்றை அளவு 180 × 50 மில்லிமீட்டர், இரட்டை அளவு 180 × 100. பல டொயோட்டாக்களின் வாய் 200 மில்லிமீட்டர் அகலம். ஓரத்தில் இடைவெளி தெரியாமல் இருக்க அதற்கான சட்டம் தனியாக வாங்க வேண்டும். காரின் அசல் வயரை வெட்டாமல், அந்த மாடலுக்குரிய ஹார்னஸ் எனப்படும் செருகு வயர் தொகுப்பைப் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்று விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். யூபியானாலும் சின் மிங்கானாலும் காக்கி புக்கிட்டானாலும் ஹார்னஸ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் நம் வெயிலில் டேப்பின் பசை உருகி, இரண்டு வருடத்தில் எங்கோ ஒரு ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பேசும். கார் உத்தரவாதத்துக்கும் அது வம்பு.

மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் உள்ளது, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும். இரண்டும் இடம் மாறிய கார்கள் உண்டு. அப்படி இருந்தால் இன்ஜினை அணைத்ததும் சேமித்த நிலையங்கள் அழிந்துபோகும். இன்னொரு வகையில் தவறினால் பிளேயர் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்து, சில நாள் எடுக்காத வண்டியின் பேட்டரியை இறக்கிவிடும். வண்டியைப் பெறும்போது அணைத்து, கதவைப் பூட்டி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, நிலையங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

'பார்க்கிங் பிரேக்' வயரை நேரே உலோகத்தில் இணைத்து, ஓடும்போதும் படம் தெரியச் செய்து தருகிறேன் என்பார்கள். மறுத்துவிடுங்கள், ஓட்டுநர் பார்க்கும் இடத்தில் படம் ஓடுவது ஆபத்து, சட்டச் சிக்கலும்கூட. சாலைக் கட்டணம் பிடிக்கும் இஆர்பி 2.0 முறைக்காகக் காரில் பொருத்திய ஓபியு கருவியின் வயரிலிருந்து டேஷ்கேமுக்கோ பிளேயருக்கோ மின்சாரம் எடுக்கக் கூடாது. அதைக் கழற்ற, நகர்த்த அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பிடம்தான் போக வேண்டும்.

லாரிக்கும் இதே பிளேயரைப் போடலாமா?

முதலில் பேட்டரியைப் பாருங்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருந்தால் அது 24 வோல்ட் வண்டி. சிறிய 10 அடி லாரிகளில் 12 வோல்ட் இருப்பதுண்டு. பெரியவை பெரும்பாலும் 24. கார் பிளேயரை 24இல் நேரே கொடுத்தால் ஃபியூஸ் போனதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

24 வோல்ட்டிலேயே ஓடும் பிளேயர் வாங்கலாம், அல்லது 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடலாம். ஒலியை முழுக்கத் திறந்து வைப்பவர் என்றால் 10 ஆம்பியருக்குக் குறையாமல் எடுங்கள். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் வயர் இழுக்கும் குறுக்குவழியைச் சிலர் இன்னமும் செய்கிறார்கள். ஒரு பேட்டரி தேய்ந்து மற்றது அளவுக்கு மேல் சார்ஜாகி, கடைசியில் இரண்டும் சேர்ந்து போகும். கன்வெர்ட்டரும் இரைச்சல் கிளப்பக்கூடியதே. ஏரியல் வயரிலிருந்து தள்ளி வையுங்கள்.

பழைய கார், புளூடூத் இல்லை. பிளேயரை மாற்றவும் விருப்பமில்லை.

முன்பக்கத்தில் ஹெட்ஃபோன் துளை போல ஒன்று இருந்தால் 3.5 மில்லிமீட்டர் வயரோ, அதில் செருகும் புளூடூத் ரிசீவரோ போதும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கூடவே ஏறி இறங்கும் விசில் சத்தம் வந்தால், அது கைப்பேசி சார்ஜும் ஆடியோவும் ஒரே நேரத்தில் இணைந்திருப்பதால் வரும் கிரவுண்ட் லூப். ஆடியோ வயரின் நடுவே 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' மாட்டினால் அடங்கும்.

துளையும் இல்லாவிட்டால் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்தான் கதி. சிங்கப்பூரில் இது தலைவலி. இங்குள்ள நிலையங்களோடு ஜொகூரும் பாத்தாமும் சேர்ந்து அலைவரிசையை நெருக்கிவிட்டன. தெம்பனிஸில் காலியாக இருக்கும் இடம் உட்லண்ட்ஸில் காலியாக இருக்காது. கீழ்க்கோடியில் 87.5 முதல் 87.9 வரை முதலில் தேடிப் பாருங்கள். தீவின் இரு முனைகளிலும் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் இடமே உங்களுக்கானது.

செயலியில் நிலையம் மாற்றக் கைப்பேசியை எடுத்தால் தவறா?

வண்டி நகரும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தினால் குற்றம். முதல் முறையே 1,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். திரும்பவும் பிடிபட்டால் இரட்டிப்பு. தாங்கியில் மாட்டிவிட்டு, புறப்படும் முன்பே நிலையத்தை ஓடவிடுங்கள். கார்பிளே இருந்தால் பிடித்த நிலையங்களைச் செயலியில் முன்கூட்டியே குறித்து வைத்தால் ஸ்டியரிங் பொத்தானாலேயே மாற்றலாம். வேலைக்காக நாள் முழுக்க ஓட்டுபவர்கள் பிளேயர் மாற்றுவதற்கு எங்களைக் கேட்டால், தெளிவான ஒலியைவிட இதுவே பெரிய காரணம்.

அப்படியானால் டிஏபி கருவி யாருக்குத்தான்?

பெர்த்துக்கோ மெல்பர்னுக்கோ குடிபெயர்ந்து அங்கே கார் வாங்கப் போகிறவர்களுக்கு. அதையும் அங்கே போய் வாங்குங்கள். டிஏபி பிளஸ் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.